பதில் அளிக்கப்படவில்லை

ஒரு வரி மட்டும் எல்லாக் கூட்டக் குறிப்பிலும் இருந்தது. தலைவர்கள் மாறியிருந்தார்கள், எழுதியவர்களின் கையெழுத்து மாறியிருந்தது, நீல மை கறுப்பு மையாகிப் பிறகு பால்பாயிண்ட் ஆகியிருந்தது. ஆனால் மாதா மாதம், கூட்டம் தொடங்கியதாகச் சொல்லும் வரிக்கு நேர் கீழே அந்த வரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. "சிறு கதவு மூன்று முறை தட்டப்பட்டது. பதில் அளிக்கப்படவில்லை."

அவன் நான்காவது நடவடிக்கைப் புத்தகத்தை மூடிவிட்டு ஐந்தாவதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்தான். இருந்தது. ஆறாவதில் நடுப்பக்கம். அங்கேயும் இருந்தது. அறுபது வருடத்துக்கு மேலாக யாரோ விடாமல் தட்டியிருக்கிறார்கள், இந்தப் பெரிய மனிதர்களும் விடாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"லூசுங்க," என்று சத்தமாகவே சொன்னான். அந்தக் கூடத்தில் அவனைத் தவிர யாரும் இல்லை.

அவன் மலர் எழுதுகிறவன். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிவிழா மலர், வணிகர் சங்கத்துக்குப் பொன்விழா மலர், வயதாவதைத் தவிர வேறெதுவும் சாதிக்காத அமைப்புகளுக்கெல்லாம் ஒரு சரித்திரம் இருப்பதாகக் காட்டுவது அவன் பிழைப்பு. இப்போது இந்தப் புறநகரின் ஃப்ரீமேசன் லாட்ஜுக்கு, ரகசியச் சடங்குகள் நடத்தும் ஒரு சங்கத்துக்கு, நூற்றாண்டு மலர். உறுப்பினர்கள் அவனுக்குச் "சரித்திரம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன சரித்திரம், எந்த வருஷம் வரைக்கும் வந்தாச்சு?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள்.

உறுப்பினர் பட்டியலை எழுதும்போது அவனும் சிரித்தான். பல் டாக்டர், வீட்டுமனைத் தரகர், ஓய்வுபெற்ற பதிவாளர், மருந்துக்கடை முதலாளி. மேசன் என்றால் கொத்தனார். இவர்களில் ஒருவர்கூடக் கரணையைத் தொட்டதில்லை, சொந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பதற்கே ஆள் கூப்பிடுகிறவர்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம் தொப்பைக்கு மேல் வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் வரிசையாக நடந்து, ஒருவரை ஒருவர் மாண்புமிகு என்று அழைத்துக்கொள்வார்கள். வாசலில் ஒருவர் உருவிய வாளோடு காவல் நிற்பார். அந்த வாளால் தக்காளிகூட நறுக்க முடியாது என்பதை அவன் தொட்டே பார்த்திருந்தான்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். அடுத்த மாதம் அவர்தான் தலைவராகப் போகிறார். கடையில் ஆள் இல்லாத நேரம் நிலைக்கண்ணாடி முன்னால் கம்பீரமாக நடந்து பழகுகிறார் என்று அக்காவே சொல்லியிருந்தாள். இரண்டு மணிக்குக் கூடத்தைத் திறந்துவிட்டுப் போகும்போது அவர் வாசலில் கொஞ்சம் தயங்கினார்.

"சின்னக் கதவுப் பக்கம் மட்டும் போகாதீங்க மாப்ளே."

"ஏன் அத்தான், பேய் இருக்கா?"

"பெயிண்ட் ஒட்டிக்கும்," என்றார் அத்தான், அவன் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துப் பத்து வருடமாவது இருக்கும்.

வெளியே பட்டப்பகல். உள்ளே அது தெரியாது. ரகசியத்தைக் காப்பதற்காக ஜன்னல்களை எல்லாம் எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சுவரில் ஜன்னல் இருந்த இடங்கள் மட்டும் லேசாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தன. இரண்டு குழல்விளக்குகளில் ஒன்று எரிவதும் அணைவதுமாக முனகிக்கொண்டிருந்தது. அந்துருண்டை வாசனை, மர நாற்காலிகளுக்குப் பூசிய பாலிஷ் வாசனை, இரண்டுக்கும் அடியில் காயாத துணியைப் பெட்டியில் வைத்து மறந்துபோனால் வருமே, அந்தப் புளித்த வாடை. அது மேற்குச் சுவர்ப் பக்கமிருந்து வந்தது. அங்கேதான் அந்தச் சிறு கதவு, தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கதவு, வெளியில் தடித்த தாழ்ப்பாளோடு இருந்தது.

அவன் மணி பார்த்தான். மூன்று. நான்கு மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். பார்த்துக்கொள்ளும் நர்ஸ் இன்றைக்கு லீவு. அம்மாவைப் படுக்கையறையில் விட்டு வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. போன மாதம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அம்மா வீட்டைவிட்டுக் கிளம்பிப்போய், பஸ் டிப்போவில் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் பாட்டில், பிஸ்கட், மாத்திரை எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, "அரை மணி நேரத்துல வந்துடறேம்மா" என்று சொல்லியிருந்தான். படுக்கையறை, வாசல் இரண்டு பூட்டின் சாவியும் அவன் பேன்ட் பையில்தான் இருந்தன. மாற்றுச் சாவி யாரிடமும் இல்லை. மாடி வீட்டுக்காரரிடம் அவன் போன் நம்பர் மட்டும் உண்டு.

அந்த வரி எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மூன்றாவது புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டிக்கொண்டு போனான்.

கிடைத்துவிட்டது, அறுபத்தெட்டு வருடத்துக்கு முன்னால். கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசிக் கூட்டம். அன்றைக்குப் புதிதாகச் சேர வந்தவர் ஒரு நில அளவை எழுத்தர். "முறைப்படி ஆயத்தம் செய்யப்பட்டு, கண் கட்டப்பட்டு, சிறு அறையில் காத்திருக்க வைக்கப்பட்டார்." முறை என்னவென்று அவனுக்கு இப்போது மனப்பாடம். மோதிரம், கடிகாரம், பணப்பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சட்டையின் இடப்பக்கத்தைத் திறந்துவிட்டு, பேன்ட்டின் ஒரு காலைச் சுருட்டி, ஒரு செருப்பைக் கழற்றி, கழுத்தில் கயிறு மாட்டி, தலையைச் சுற்றி நீளமான துணியால் கட்டுவார்கள். வந்தவர் மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளிருந்து மூன்று தட்டு பதில் வரும்வரை பேசக்கூடாது, கட்டைத் தொடக்கூடாது. தானே அவிழ்த்தால் தகுதி போயிற்று. உள்ளிருந்து ஒருவர்தான் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கூடத்தைச் சுற்றிவந்து, முடிவில் கட்டை அவிழ்த்துவிட வேண்டும்.

அந்தக் கையை யார் பிடிப்பது என்பதில் சண்டை. முன்னாள் தலைவர்கள் இரண்டு பேருக்குத் தன்மானப் பிரச்சினை. பெரியவர் நான்தான் என்று ஒருவர், மூத்தவர் நான்தான் என்று இன்னொருவர். ஒரு கோஷ்டி வெளிநடப்புச் செய்தது. நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று மற்ற கோஷ்டியும் அணிவகுத்து வெளியேறியது. ஆள் இல்லாத கூடத்தைப் பூட்டுவது காவலரின் கடமை என்பதால் வாள்காரர் தன் கடமையைச் செவ்வனே செய்து பூட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒன்பது வாரம் விடுமுறை. எழுத்தரை அவர்கள் அனுப்பிவைத்திருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள்.

அவன் அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

விடுமுறையின் நடுவில் ஒரு அவசரக் கமிட்டி, செயலாளர் வீட்டில். எழுத்தரின் மனைவி எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. ரகசியம் என்பதால் எங்கே போகிறேன் என்றுகூட வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறார் மனிதர். வீட்டில் கிடந்த வேறொரு சட்டைப் பையில் விண்ணப்ப நகல் இருந்ததால் அந்த அம்மாள் எழுதியிருக்கிறாள். "சங்கத்தின் உள்விவகாரங்களை வெளியாருக்குத் தெரிவிப்பதற்கில்லை எனப் பதில் அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது." கமிட்டி இருபது நிமிடத்தில் முடிந்தது. யாருக்கும் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து முதல் கூட்டம். "சிறு அறை சுத்தம் செய்யப்பட்டது. தரைவிரிப்பு எரிக்கப்பட்டது, புதியது வாங்கத் தீர்மானம். விண்ணப்பதாரர் கூடத்துக்குள் வராத காரணத்தால் விண்ணப்பம் காலாவதியானதாகக் கருதப்பட்டது." அதற்குக் கீழே, அதே நிதானமான கையெழுத்தில், முதல் தடவையாக: "சிறு கதவு மூன்று முறை தட்டப்பட்டது. பதில் அளிப்பதா என்பது குறித்து விவாதிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது."

அடுத்த மாதமும் ஒத்திவைத்தார்கள். அதற்கடுத்த மாதமும். ஏழு வருடம் ஒத்திவைத்துக் களைத்துப்போய், விவாதத்தை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஒருவன் உயிர் போயிருக்கிறது, இவர்கள் தரைவிரிப்புக்குத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். போனை எடுத்து அத்தானை அழைத்தான்.

"எழுத்தர் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

மறுமுனையில் யாரோ ஃபிரேம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் நகர்ந்து வருவது கேட்டது. "அந்தப் பக்கத்த விட்டுடுங்க மாப்ளே. மலர்ல அதெல்லாம் எதுக்கு?"

"தட்டறது நெஜமாவே கேக்குதா?"

"மூணு தடவ கேக்கும். அப்புறம் நின்னுடும்."

"யாருமே எழுந்து தொறக்கலியா? இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட?"

"தீர்மானம் இல்லாம எப்படித் தொறக்கறது?" அத்தான் குரலில் நிஜமான ஆச்சரியம் இருந்தது. "கேட்டுக் கேட்டுப் பழகிடும் மாப்ளே. நாங்க பாட்டுக்கு நடத்திக்கிட்டுப் போயிடுவோம். நீங்க கெளம்புங்க, அத்தையத் தனியா விட்டுட்டு வந்திருக்கீங்கல்ல?"

போனை மேஜைமேல் வைத்தான். மூன்று நாற்பது. கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அடக்க முடியாத ஆங்காரம். பழகிடுமாம்! கிழக்குப் பக்கம் மூன்று படி ஏறி, அத்தான் அடுத்த மாதம் உட்காரப்போகும் அந்தப் பெரிய நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். முன்னால் தலைவரின் மரச்சுத்தி. எடுத்தான். "மாண்புமிகு முண்டங்களே," என்று காலி நாற்காலிகளைப் பார்த்துச் சொன்னான். "கூட்டம் தொடங்குகிறது." பலகையில் ஓங்கி மூன்று அடி அடித்தான்.

எதிரொலி அடங்கியது. முனகிக்கொண்டிருந்த குழல்விளக்கும் நின்றது.

மேற்குச் சுவரில், சிறு கதவில், யாரோ தட்டினார்கள்.

ஒன்று. நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம். இரண்டு. மூன்று. பலமான தட்டு இல்லை, மரியாதையான தட்டு, முன்பின் தெரியாத அலுவலகத்தில் தயங்கி நிற்பவன் தட்டுவது மாதிரி. கதவின் மேல்பாதியிலிருந்து வரவில்லை. கீழே, முழங்கால் உயரத்திலிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவன் தட்டினால்தான் அங்கிருந்து வரும்.

எலி என்று நினைக்கப் பார்த்தான். குழாய் என்று நினைக்கப் பார்த்தான். பின்கழுத்து ரோமம் எதையும் நம்பாமல் எழுந்து நின்றது. அத்தான்தான் யாரையாவது வைத்து விளையாடுகிறாரோ? அத்தானுக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

போய்விடலாம். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது, பதினைந்து அடி நடந்தால் வெயில், பஸ், வீடு. ஆனால் இப்போது எழுந்து போனால் பல் டாக்டரும் வீட்டுமனைத் தரகரும் செய்ததைத்தான் தானும் செய்ததாகும். அவர்களைவிட நான் மேல் என்ற ஒரே நினைப்பில் இத்தனை காலம் தள்ளியவன் அவன். அதை இந்த ஒரு கதவுக்காக விட்டுக்கொடுப்பதா? சுத்தியைத் தூக்கினான்.

மூன்று முறை பதில் தட்டினான்.

அறுபத்தெட்டு வருடத்தில் முதல் பதில். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தரையில் உரசிக்கொண்டு எழுந்தது. எழுந்து நின்று காத்திருந்தது.

அவன் படியிறங்கி மேற்கே நடந்தான். தாழ்ப்பாள் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியால் தட்டித் தட்டி நெம்பியபோது பட்டையாக உரிந்து வந்தது. கதவு அவன் பக்கமாகத் திறந்தது. புளித்த வாடை முகத்தில் மோதியது. உள்ளே நாலடிக்கு நாலடி. ஒரு முக்காலி. புதியதாக வாங்கிய தரைவிரிப்பு, அதுவும் பழசாகியிருந்தது. வேறு யாரும் இல்லை.

அவன் மூச்சை விட்டான். சிரிப்புக்கூட வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இந்தச் சூரப்புலிகள் நடுங்கினார்கள்! போனை எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று திரும்பினான்.

இடது முழங்கையின் மடிப்புக்குள் ஒரு கை நுழைந்து பிடித்துக்கொண்டது.

இறுக்கமான பிடி இல்லை. கண் தெரியாதவர்கள் தெருவைக் கடக்கும்போது பிடிப்பது போன்ற பிடி. ஆனால் உதற முடியவில்லை. ஈரமாக இருந்தது. சட்டையைத் தாண்டி எலும்புவரை குளிர்ந்தது. பக்கத்தில் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பக்கத்தில் ஒரு செருப்புச் சத்தமும், ஒரு வெறுங்கால் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

நடந்தார்கள்.

வாசலை நோக்கித்தான் அவன் காலை வைத்தான். கால் கட்டத்தின் ஓரமாகப் போயிற்று. வடக்குச் சுவர். கிழக்கு. மூலையில் சதுரமாகத் திரும்பியது. தெற்கு. மறுபடி மேற்கு. ஒரு சுற்று. வாசல் கதவின் இடுக்கில் வெயில் கோடாகத் தெரிந்தது. அதைத் தாண்டிப் போனார்கள். இரண்டாவது சுற்று.

மேஜைமேல் போன் அடித்தது. மாடி வீட்டுக்காரர். கடந்து போகும்போது பெயர் தெரிந்தது. வலது கையை நீட்டினான். எட்டவில்லை, ஒரு சாண் எட்டவில்லை. அடிப்பது நின்றுவிட்டது. அடுத்த சுற்றில் மறுபடி அடித்தது. அம்மா கதவைத் தட்டுகிறாள். தட்டினால்தான் அவர் கூப்பிடுவார். போன் திரை நான்கு ஐம்பது என்று காட்டியது. எப்படி ஐம்பது? இப்போதுதானே எழுந்தான்?

"விடுங்க," என்றான். "நான் வீட்டுக்குப் போகணும். எங்கம்மா உள்ள இருக்காங்க. பூட்டிட்டு வந்துட்டேன்."

செருப்பு. வெறுங்கால். செருப்பு.

"சாவி எங்கிட்டதான் இருக்கு. தயவுசெஞ்சு."

நின்றது. கிழக்கு நாற்காலிக்கு நேர் முன்னால்.

"கட்டு அவுத்துட்டா போயிடலாங்க," என்றது பக்கத்திலிருந்த குரல். ரொம்பப் பணிவான குரல். "நான் அவுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவன் திரும்பினான். திரும்பித்தான் ஆக வேண்டும். திறந்த சட்டை. அதற்குள் விலா எலும்புகள், ஒவ்வொன்றாக. கழுத்தில் கயிறு. கழுத்துக்கு மேல் தலை முழுக்கத் துணி, முதலில் வெள்ளையாக இருந்திருக்கும் துணி, வாய் இருக்க வேண்டிய இடம் கறுத்து உள்ளே குழிந்திருந்தது. அங்கே விடாமல் கடித்திருக்கிறான்.

முடிச்சு பின்னால் இருந்தது. ஐந்து நிமிடம். அவிழ்த்துவிட்டு ஓடிவிடலாம். அம்மா. முடிச்சில் கை வைத்தான். நகம் பிய்ந்தது. முடிச்சு விட்டது. துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். ஒரு சுற்று. இரண்டு. பத்து. ஈரத் துணி கையிலிருந்து வழிந்து தரையில் விழுந்தது.

"இன்னும் இருட்டாத்தான் இருக்குங்க," என்றார் எழுத்தர்.

வேகமாக அவிழ்த்தான். போன் அடித்தது. இருபது. முப்பது. முகம் வந்திருக்க வேண்டும். மூக்காவது வந்திருக்க வேண்டும். துணிக்கு அடியில் துணி. துணிக்குவியல் கணுக்காலை மூடியது.

"இன்னும் இருட்டாத்தான் இருக்குங்க."

தலை சிறியதாகிவிட்டது. குழந்தையின் தலை அளவு. நிறுத்தினால் அந்தக் கை இறுகியது. நிறுத்தவில்லை. அழுதுகொண்டே அவிழ்த்தான். முஷ்டி அளவு. குவியல் முழங்காலுக்கு வந்தது. போன் எப்போது நின்றது என்று தெரியவில்லை. எலுமிச்சை அளவு. விரல் அளவு. அதன்பிறகு கழுத்துக் கயிறு மட்டும்தான் இருந்தது, கயிற்றுக்கு மேலே ஒன்றும் இல்லை.

துணி மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒன்றும் இல்லாத அந்த இடத்திலிருந்து, சுற்றுச் சுற்றாக, ஈரமாக. அவன் கைகள் அவிழ்த்துக்கொண்டே இருந்தன.

"இன்னும் கொஞ்சந்தாங்க," என்றது குரல், அவன் காதுக்கு மிக அருகில். "நீங்க ஒருத்தராவது வந்தீங்களே."